இரண்டு பேருக்கு ஒரு கிளைடர்: பீர் பில்லிங்கில் நான் பட்டதும் கற்றதும்

கணவன் மனைவியாகவோ நண்பர்களாகவோ இரண்டு பேர் சேர்ந்து மலைக்குப் போய், துணி இறக்கையில் தொங்கிப் பறக்கும் பாராகிளைடிங் கற்கத் திட்டமிட்டிருந்தால், கட்டணம் கட்டும் முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். இமாச்சலப் பிரதேசத்தின் பீருக்கு நானும் என் கணவரும் போன பயணம், என் வலது கணுக்கால் எலும்பில் விரிசலோடு முடிந்தது. பணமும் போனது, கோடை விடுமுறை முழுவதும் போனது. ஒரு கோதுமை வயலின் ஓரத்தில், கையில் தொலைபேசிகூட இல்லாமல், காலை அசைக்க முடியாமல் தனியாகக் கிடந்த நேரம்தான் இவை எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது. புறப்படும் முன் நான் பார்த்த காணொளிகள் எல்லாம் மகிழ்ச்சியை மட்டுமே காட்டின. எடைக்கும் கிளைடரின் அளவுக்கும் என்ன உறவு, ஜோடியாகச் சேர்கிறவர்களுக்கு என்ன நேர்கிறது, வழிகாட்டும் வாக்கி-டாக்கி வானொலியின் தொடர்பு அறுந்துபோனால் என்ன செய்வது என்று தமிழில் எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

பீர், காங்க்ரா மாவட்டத்தில் தவுலாதார் மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கும் சிறிய ஊர். திபெத்தியர் குடியிருப்பு, புத்த மடாலயங்கள், தேயிலைத் தோட்டங்கள், படிக்கட்டு வயல்கள் என்று கண்ணுக்கு நிறைவான இடம். அங்கிருந்து ஜீப்பில் 14 கிலோமீட்டர் மேலே ஏறினால் பில்லிங். ஏறக்குறைய 2,400 மீட்டர் உயரத்தில், தெற்கு நோக்கிய புல்சரிவு. அதுதான் புறப்படும் தளம். பீரில் இருக்கும் இறங்குதளம் அதைவிட ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் கீழே. 2015இல் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டியே இங்கு நடந்தது. மழைக்காலத்தில், ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை, பறக்கத் தடை. மீதி மாதங்களில் இரண்டு பருவங்களைச் சொல்வார்கள்: மழைக்குப் பிந்தைய அக்டோபர், நவம்பர் ஒன்று, மார்ச் முதல் மே வரை இன்னொன்று. தொலைபேசியில் நான் கேட்டபோது இரண்டும் ஒன்றுதான் என்றார்கள். ஒன்றல்ல. வசந்தகால வெயில் மலைச்சரிவைச் சூடாக்கும்போது கிளம்பும் வெப்பக் காற்றோட்டம், தெர்மல் என்று அவர்கள் சொல்வது, மிகவும் வலுவாக இருக்கும். நூறு கிலோமீட்டர் பறக்க நினைக்கும் விமானிக்கு அது வரம். முதன்முதலாகக் கால் தரையை விட்டு எழுகிறவருக்கு அது முரட்டுக் காற்று. மேற்கிலிருந்து வரும் வானிலைக் கலக்கங்கள் அந்த மாதங்களில் திடீர் மழையையும் இடியையும் கொண்டுவரும். கற்பதற்கு என்றால் அக்டோபர், நவம்பருக்கே போங்கள். நான் ஆசிரியை, தேர்வு முடிந்த கையோடு ஏப்ரல் இறுதியில்தான் எனக்கு விடுப்பு வாய்த்தது.

பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு சுற்றுலாப் பயணியாகப் பறப்பது டேண்டம். தனியாக ஓட்டக் கற்பது வேறு. அதைப் படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். பி1 என்பது தரையில் கிளைடரைக் கையாளப் பழகி, சின்னக் குன்றிலிருந்து குதித்து இறங்கும் நிலை. பி2 என்பது பயிற்சியாளர் வானொலியில் வழிகாட்ட, உயரத்திலிருந்து தனியாகப் பறந்து இறங்கும் நிலை. நாங்கள் இரண்டு படிகளையும் சேர்த்து ஆளுக்கு 38,000 ரூபாய், மொத்தம் 76,000 ரூபாய் முன்பணமாகவே கட்டினோம். ஜோடியாகச் சேர்ந்தால் தங்கும் அறை இலவசம் என்றார்கள். ரசீது என் கணவர் பெயரில் ஒன்றுதான் வந்தது. இந்த ஒற்றை ரசீது பின்னால் எவ்வளவு தொந்தரவு தரும் என்று அப்போது நினைக்கவே தோன்றாது. இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: டேண்டம் ஓட்டுவதில் கைதேர்ந்தவர் எல்லாரும் கற்பிக்கத் தெரிந்தவர்கள் அல்லர். கற்பிப்பதற்குத் தனிச் சான்றிதழ் இருக்கிறது. ஏபிபிஐ போன்ற பன்னாட்டு அமைப்புகள் பயிற்சியாளருக்கென்றே தகுதிநிலை வைத்திருக்கின்றன. உங்களுக்கு யார் கற்பிக்கப் போகிறார், அவர் சான்றிதழ் எது, அவர் அந்த நாள்களில் டேண்டம் ஓட்டப் போவாரா என்று மூன்றையும் கேளுங்கள். எங்கள் பயிற்சியாளர் நல்ல மனிதர், அருமையான விமானி. ஆனால் சுற்றுலாக் கூட்டம் வந்துவிட்டால் எங்களை உதவியாளரிடம் விட்டுவிட்டுப் பறக்கப் போய்விடுவார்.

தொடக்க நாள்களைப் பற்றி மனம் நிறையவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தக் கலையின் மேல் எனக்கு இன்றும் தீராத காதல். காலையில் மேய்ச்சல் நிலத்தில் கிளைடரை விரித்து, கயிறுகளைச் சிக்கெடுத்து, ஹார்னஸ் என்னும் இருக்கைப் பட்டையை இடுப்பிலும் தொடையிலும் மாட்டி, காற்றுக்கு முதுகு காட்டாமல் நின்று, அந்தப் பெரிய துணியைத் தலைக்கு மேல் எழுப்பி நிறுத்துவதுதான் முதல் பாடம். எழுந்துவிட்டால் மட்டும் போதாது, அது அங்கேயே நிற்க வேண்டும். இடப்பக்கம் சாய்ந்தால் நாமும் இடப்பக்கம் ஓட வேண்டும். வலது பிரேக் கயிற்றை விரலளவு இழுக்க வேண்டும். கண்ணால் பார்த்துச் செய்தால் எப்போதும் தாமதமாகிவிடும். இடுப்பில் தெரியும் இழுவையை உணர்ந்து செய்யப் பழக வேண்டும். அது புரிந்த கணத்தில், தலைக்கு மேலே இருபது சதுர மீட்டருக்கும் மேலான துணி சொன்னபடி கேட்டு நின்றபோது, எனக்கு அழுகை வந்துவிட்டது. பறப்பதைவிட இதற்கே அதிக நேரம் கொடுங்கள். குன்றிலிருந்து உங்களை அவசரமாகத் தள்ளிவிடப் பார்க்கும் பள்ளியைவிட, இன்னும் ஒரு காலை தரையிலேயே பழகுங்கள் என்று சொல்லும் பள்ளியே நல்லது.

அந்தத் தரைப் பயிற்சியிலேயே ஓர் அறிகுறி தெரிந்தது. காற்று கொஞ்சம் வலுத்தால் என் கணவர் இரண்டு அடி பின்னால் நகர்ந்து நின்றுவிடுவார். என்னை அது இழுத்துக்கொண்டே போகும். சில நேரம் கால்கள் தரையை விட்டே எழும்பிவிடும். உடல் வலு போதவில்லை என்றார் உதவியாளர். காரணம் வலு அல்ல, அளவு. ஜோடி என்பதால் எங்கள் இருவருக்கும் ஒரே கிளைடரைக் கொடுத்திருந்தார்கள். ஒருவர் பழகும்போது மற்றவர் பார்த்துக் கற்கலாம் என்பது அவர்கள் விளக்கம். ஒவ்வொரு கிளைடரிலும் தைக்கப்பட்டிருக்கும் சீட்டில் அது தாங்க வேண்டிய எடை வரம்பு எழுதியிருக்கும். எங்களுடையதில் 75 முதல் 95 கிலோ. இது உடல் எடை மட்டும் அல்ல. கிளைடர், ஹார்னஸ், அவசரத்துக்கான ரிசர்வ் பாராசூட், ஹெல்மெட், காலணி, உடை எல்லாம் சேர்த்த மொத்தப் பறக்கும் எடை. உபகரணங்கள் ஏறக்குறைய 15 கிலோ வரும். என் கணவர் 72 கிலோ, மொத்தம் 87. வரம்புக்குள் கச்சிதமாக இருக்கிறார். நான் 49 கிலோ, மொத்தம் 64. குறைந்தபட்ச எல்லைக்கே 11 கிலோ கீழே.

எடை குறைந்தால் என்ன, இலேசாக மிதக்கலாமே என்று தோன்றும். மிதக்கலாம், ஆனால் முன்னேற முடியாது. கிளைடரின் வேகம் அது சுமக்கும் எடையைப் பொறுத்தது. சரியான எடையில், தொடக்கநிலைக் கிளைடர் பிரேக்கைத் தொடாதபோது மணிக்கு ஏறக்குறைய 37 கிலோமீட்டர் போகும். என் எடைக்கு அதே கிளைடர் 32தான் போகும். எதிர்க்காற்று 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். என் கணவர் தரையைப் பொறுத்து மணிக்கு 12 கிலோமீட்டர் முன்னேறுவார், நான் 7. இறங்கும் வேகம் எனக்குச் சற்றுக் குறைவுதான், ஆனால் அந்த வித்தியாசம் இதை ஈடுகட்டாது. ஐந்நூறு மீட்டர் உயரத்திலிருந்து அவர் 1.4 கிலோமீட்டர் தள்ளி இறங்கினால், நான் ஒரு கிலோமீட்டரைக்கூட எட்ட மாட்டேன். இறங்குதளம் அதற்கு அப்பால் இருந்தால் கதை முடிந்தது. எடை குறைவாகச் சுமக்கும் கிளைடருக்குள் காற்று இறுக்கமும் குறைவு. குலுங்கும் காற்றில் ஓரங்கள் மடங்க வாய்ப்பு அதிகம். மெலிந்த உடல்வாகுள்ள பெண்கள் பயிற்சிக்குப் போனால் முதல் கேள்வியே ‘என் எடைக்கு உரிய கிளைடர் உங்களிடம் இருக்கிறதா?’ என்பதாக இருக்கட்டும். சீட்டைத் திருப்பிப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. நான் தயாரா என்று அவர்கள் என்னிடம் கேட்கவில்லை. என் கணவரிடம் கேட்டார்கள். ‘மேடம் பில்லிங்கிலிருந்து பறப்பாரா?’ என்ற கேள்வி, நான் பக்கத்தில் நின்றிருக்கும்போதே அவரிடம் போகும். அவரும் என்னைப் பெருமைப்படுத்துவதாக நினைத்து, ‘அவளுக்குப் பயமே கிடையாது’ என்பார். அன்பினால் சொன்னதுதான். ஆனால் ஒருவர் பறக்கத் தயாரா என்பதை இன்னொருவர் சொல்லக் கூடாது, எவ்வளவு நெருக்கமானவராக இருந்தாலும். ஜோடியாகக் கற்கிறவர்கள் முதல் நாளே இதை வாய்விட்டுப் பேசிவிட வேண்டும்: உன் முடிவை நான் சொல்ல மாட்டேன், என் முடிவை நீ சொல்லக் கூடாது, இருவரில் யார் வேண்டாம் என்றாலும் காரணம் கேட்கக் கூடாது. பயிற்சியாளரிடமும் அப்படியே சொல்லிவிடுங்கள். இப்போது நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

நடுவில் மழை பிடித்தது. மதியமானால் தவுலாதாருக்கு மேலே மேகம் கோபுரம் கோபுரமாக எழும், மாலையில் இடி. காலையில் தரை சேறாக இருக்கும். அறையில் உட்கார்ந்து தேநீர் குடிப்பதும், பைஜ்நாத் கோயிலுக்குப் போய்வருவதுமாக நாள்கள் கரைந்தன. டெல்லியிலிருந்து கோவைக்குத் திரும்பும் விமானச் சீட்டு கையில் இருந்ததால் ஒவ்வொரு மழைநாளும் நெஞ்சில் எடை ஏற்றியது. பயிற்சிக்கு எத்தனை நாள் சொல்கிறார்களோ அதில் பாதியையாவது கூடுதலாக ஒதுக்குங்கள். திரும்பும் சீட்டை மாற்றக்கூடிய வகையில் எடுங்கள். அதற்கு ஆகும் கூடுதல் பணம், கடைசி நாளின் அவசரத்தை விலைக்கு வாங்காமல் தவிர்ப்பதற்கான பணம்.

வானம் தெளிந்த அன்று காலை 6.30 மணிக்கு ஜீப் வரும் என்றார்கள். தொடக்கநிலையினருக்குக் காலைக் காற்றுதான் பாதுகாப்பானது. வெயில் ஏறாததால் சரிவு சூடாகியிருக்காது, பள்ளத்தாக்கிலிருந்து மலையை நோக்கி வீசும் காற்று கிளம்பியிருக்காது. ஆனால் மழைக்குப் பின் வந்த முதல் நல்ல நாள் என்பதால் டேண்டம் பயணிகள் கூட்டம் அலைமோதியது. ஜீப்புகள் முதலில் அவர்களை ஏற்றின. எங்களுக்கு ஜீப் வந்தபோது மணி பத்தை நெருங்கிவிட்டது. பில்லிங்கில் வரிசை. என் முறை வந்தபோது பதினொன்றைத் தாண்டியிருந்தது. காற்றின் திசையும் வேகமும் காட்டும் துணிக்குழல் விறைத்து நின்றது. மேலே அனுபவசாலிகளின் கிளைடர்கள் சுழன்று சுழன்று ஏறிக்கொண்டிருந்தன. வலுவான தெர்மல் கிளம்பிவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். பயிற்சியாளர் கீழே இறங்குதளத்தில் வானொலியோடு இருந்தார், மேலே உதவியாளர். ‘நன்றாக இருக்கிறது, போங்கள்’ என்றார். என் கணவருக்கு இன்னொரு கிளைடரை ஏற்பாடு செய்திருந்தார்கள். அவர் எனக்குப் பின்னால்.

ஓடினேன். சில அடிகளிலேயே கால் எழுந்தது. கீழே தேவதாரு மரங்கள் நழுவிப் போயின, சத்தம் எல்லாம் நின்று காற்று மட்டும் காதில் கேட்டது. அந்த முதல் நிமிடங்களுக்காக என்ன கொடுத்தாலும் தகும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். பிறகு குலுக்கல் தொடங்கியது. ஹார்னஸ் ஒரு பக்கம் தூக்கிப் போட்டது. இறக்கையின் வலது நுனி படபடவென்று மடங்கித் தானாக விரிந்தது. வயிறு குழைந்தது. காதில் பயிற்சியாளர், ‘கைகளை மேலே வையுங்கள், நேராக வாருங்கள், கேட்கிறதென்றால் கால்களை உதையுங்கள்’ என்றார். உதைத்தேன். கொஞ்ச நேரத்தில் வேறொரு பள்ளியின் குரல் அதே அலைவரிசையில் வேறு யாருக்கோ இடப்பக்கம் திரும்பச் சொன்னது. பிறகு ‘பீப் பீப்’ என்று இரண்டு ஒலி, அதோடு வானொலி இறந்துவிட்டது. இரவு மின்னூட்டம் போடாத கருவி என்று பின்னால் தெரிந்தது. புறப்படும் முன் மின்கலத்தின் அளவை நீங்களே பாருங்கள். அதைவிட முக்கியமானது, வானொலி இல்லாவிட்டால் என்ன செய்வது என்று தரையிலேயே பேசி முடிவு செய்வது: எந்த வழி, எந்த உயரத்தில் இறங்குதளத்தின் மேல் இருக்க வேண்டும், எட்டாவிட்டால் எந்த வயல். எங்களுக்கு அந்தப் பேச்சு நடக்கவே இல்லை.

பீரின் இறங்குதளம் கண்ணெதிரே தெற்கில் தெரிந்தது. ஆனால் அது நெருங்கவே இல்லை. பள்ளத்தாக்குக் காற்று நேர் எதிராக வீச, நான் ஏறக்குறைய ஒரே இடத்தில் தொங்கியபடி கீழே இறங்கிக்கொண்டிருந்தேன். அப்போது வந்த பயம் கூச்சலிடும் பயம் அல்ல. மிகவும் அமைதியான, குளிர்ந்த பயம். தளத்தை எட்ட மாட்டேன் என்று உறுதியானதும், காட்டுக்கும் ஊருக்கும் நடுவே இருந்த படிக்கட்டு வயல்களில் ஒன்றைத் தேடினேன். மின்கம்பிகள் மேலிருந்து கண்ணுக்குத் தெரியாது, கம்பங்கள்தான் தெரியும். இரண்டு கம்பங்களைப் பார்த்தால் நடுவில் கம்பி இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இதை எனக்குச் சொன்னது பள்ளி அல்ல, தேநீர்க் கடையில் பேசிக்கொண்டிருந்த ஒரு வயதான விமானி. அந்த ஒரு சொல்தான் என்னை அன்று காப்பாற்றியது என்று நம்புகிறேன். கம்பங்கள் இல்லாத ஒரு வயலைத் தேர்ந்தெடுத்துக் காற்றை எதிர்த்து நேராக வந்தேன். தரைக்கு மிக அருகில் காற்று சட்டென்று குறைந்தது, கிளைடர் தொப்பென்று இறங்கியது. வலது பாதம் வயலின் கல் வரப்பில் மோதி மடங்கியது. உள்ளே ஏதோ முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

இறங்குதளத்தையும் மலையடிவாரத்தையும் இணைக்கும் வயல்வெளி முழுவதும் ஒரு மாலை நடந்து பார்த்துவிடுங்கள். எந்த வயல் அகலம், எங்கே கம்பம், எங்கே ஓடை, எங்கே பாதை என்று காலால் தெரிந்துவைத்திருந்தால் மேலிருந்து பார்க்கும்போது அந்த நிலம் அந்நியமாக இருக்காது. இதற்குக் காசு வேண்டாம், அனுமதி வேண்டாம். இந்தப் பக்கத்தில் நான் சொல்கிறவற்றில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

கிடந்த இடத்தில் கோதுமை இடுப்பளவு நின்றது, என்னைச் சுற்றி எதுவும் தெரியவில்லை. தொலைபேசி பையில், பை ஜீப்பில், ஜீப் மலையில். விழுந்தால் உடையும் என்று தொலைபேசியை வாங்கி வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். ஏற்காதீர்கள். ஹார்னஸில் மூடும் பை இருக்கிறது. தொலைபேசியை அதில் வைத்து, இருப்பிடத்தை உடன் வந்தவரோடு பகிர்ந்துவிட்டுப் பறங்கள். கூடவே ஒரு விசில், ஒரு தண்ணீர்ப் புட்டி. நான் கத்தினேன், தொண்டை வற்றியது. காலணிக்குள் கால் வீங்குவதை உணர முடிந்தது. என் பிள்ளையின் முகம், அம்மாவிடம் என்ன சொல்வது, ஜூனில் பள்ளி திறந்தால் வகுப்பில் எப்படி நிற்பது என்று எண்ணங்கள் ஒழுங்கில்லாமல் ஓடின. கடைசியில் வயலுக்கு உரிய மூதாட்டி ஒருவர் துணியின் நிறத்தைப் பார்த்து வந்தார். ‘பேட்டி, பேட்டி’ (இந்தியில் மகளே, மகளே) என்று தலையைத் தடவிக்கொடுத்து, தன் துப்பட்டாவால் காலைக் கட்டி, பேரனை ஓடவிட்டு ஆள் அழைத்தார். அவருடைய விளைந்த பயிரை நானும் கிளைடரும் நசுக்கியிருந்தோம். என் கணவர் மறுநாள் அவர் வீட்டுக்குப் போய் வற்புறுத்தி 1,500 ரூபாய் கொடுத்துவந்தார். அவர் வாங்கவே தயங்கினாராம். பயிர் நிற்கும் காலத்தில் வயலில் இறங்க நேர்ந்தால் இழப்பீடு கொடுப்பது நம் கடமை. பள்ளி கொடுக்கும் என்று விட்டுவிடக் கூடாது.

அந்த நேரத்தில் மலைமேல் இருந்த என் கணவர் பட்ட பாடு என்னுடையதைவிடக் கொடுமை. நான் ஒரு மலைமுகட்டின் பின்னால் மறைவதைப் பார்த்திருக்கிறார், பிறகு எதுவும் தெரியவில்லை. உதவியாளர், ‘இறங்கியிருப்பார்’ என்று சொல்லியே நேரத்தைக் கடத்தியிருக்கிறார். ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஜோடியில் ஒருவர் பறக்கும்போது மற்றவர் எங்கே இருக்க வேண்டும் என்பதையும் யோசியுங்கள். இருவரும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் பறக்க வேண்டியதில்லை. ஒருவர் பறக்கும் நாளில் மற்றவர் இறங்குதளத்தில், தொலைபேசியும் வண்டியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

அருகிலிருந்த ஊரில் எக்ஸ்ரே எடுத்து, தற்காலிகமாகப் பாதி மாவுக்கட்டு போட்டு, எலும்பு மருத்துவரைப் பார்க்கக் காங்க்ரா பக்கம் போகச் சொன்னார்கள். டாண்டாவில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பீரிலிருந்து டாக்சியில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். இந்த வழியைப் பறப்பதற்கு முன்பே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கணுக்கால் வெளி எலும்பில் விரிசல், நகரவில்லை, அறுவை வேண்டாம் என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டபோதுதான் நான் முதன்முறையாக உடைந்து அழுதேன்.

இனி பணம். மருத்துவமும் டாக்சியும் 14,000 ரூபாய். சக்கர நாற்காலி வசதியோடு விமானச் சீட்டை மாற்ற 22,000. கோவையில் மறுபரிசோதனை, இயன்முறைச் சிகிச்சை 18,000. ஆக 54,000 கூடுதல். காப்பீடு இருக்கிறதே என்று நம்பினோம். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறாததால் கணவர் அலுவலகத்தின் மருத்துவக் காப்பீட்டில் வரவில்லை. என் தனிநபர் விபத்துக் காப்பீட்டில் ஆபத்தான விளையாட்டுகள் விலக்கு என்று ஒரு வரி இருந்தது. புறப்படும் முன் உங்கள் பத்திரத்தில் விலக்குகள் என்ற பகுதியை மட்டுமாவது படியுங்கள். சாகச விளையாட்டைச் சேர்க்கும் வசதி உண்டா என்று நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் மின்னஞ்சலிலேயே வாங்குங்கள். பள்ளியிடம் மீதிக் கட்டணத்தைக் கேட்டபோது, ஒரே ரசீது, ஒரே பதிவு, ஒருவர் தொடர்கிறார் என்பதால் திருப்பித் தர முடியாது என்றார்கள். ஓராண்டுக்குள் வந்தால் பறக்கலாம் என்றார்கள். அதே பெரிய கிளைடரிலா என்று நான் கேட்டதற்குப் பதில் இல்லை. ஆளுக்கொரு ரசீது, படிக்கொரு கட்டணம்: பி1 முடிந்து மனம் ஒப்பினால் மட்டும் பி2க்குக் கட்டுவது. இதற்கு ஒத்துக்கொள்ளாத பள்ளியை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

மாவுக்கட்டோடு அறையில் படுத்திருந்தபோது, மீதி நாள்களில் நீங்கள் பறந்து முடியுங்கள் என்று அவரிடம் சொன்னேன். உண்மையாகவே சொன்னேன், இருவரும் இழப்பது எதற்கு என்று நினைத்தேன். மறுநாள் காலை பில்லிங் வரை போனார், ஹார்னஸை மாட்டினார், கழற்றிவிட்டு ஜீப்பிலேயே இறங்கி வந்துவிட்டார். நான் கோபப்பட்டேன். இவ்வளவு பணம், உடலும் நன்றாக இருக்கிறது, ஏன் என்று. அவர், ‘உன்னைத் தேடிய அதே இடத்தில் நின்று ஓட என்னால் முடியவில்லை’ என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை. ஒருவருக்கு அடிபட்டால் மற்றவர் தொடர்வதா நிறுத்துவதா என்பதற்கு விதி கிடையாது. ஆனால் அடிபட்டவரின் மனத்தை மட்டுமே எல்லாரும் விசாரிப்பார்கள். பார்த்துக்கொண்டு நின்றவரிடமும் கேளுங்கள். அவருக்கு மாதக்கணக்கில் தூக்கம் சரியாக வரவில்லை என்பது எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது.

கால் முழுவதும் தேறிய பிறகு, குளிர்காலத்தில் மகாராஷ்டிராவின் காம்ஷெட்டுக்குப் போனோம். புனே, லோனாவாலா இடையே ஓடும் உள்ளூர் ரயிலில் இறங்கிவிடலாம். அங்கே பீர் போல ஆயிரம் மீட்டர் உயர வேறுபாடு கிடையாது. தாழ்ந்த குன்றுகள், அகலமான அடிவாரம். புறப்படும் இடத்திலிருந்தே இறங்கும் இடம் கண்ணில் படும். தொடக்கத்துக்கு அதுவே எனக்குச் சரி என்று தோன்றியது. எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி நின்றேன். பயிற்சியாளர் முள்ளைப் பார்த்து 55 முதல் 75 வரம்புள்ள கிளைடரை எடுத்துவந்தார். ரிசர்வ் பாராசூட்டைக் கடைசியாக எப்போது மடித்தார்கள் என்று கேட்டேன், தேதி எழுதிய சீட்டைக் காட்டினார். தரைப் பயிற்சியில் அதே அளவு காற்று வீசியபோது என் கால்கள் நிலத்திலேயே நின்றன. கணவர் வேறு குழுவில், வேறு பயிற்சியாளரிடம் கற்றார், மாலையில்தான் பேசிக்கொள்வோம். அவர் பி2 முடித்துவிட்டார். எனக்கு அதில் இன்னும் சில பறத்தல்கள் மிச்சம் இருக்கின்றன. வரும் குளிர்காலத்தில் முடிப்பேன். அதன் பிறகு பீருக்கு, அக்டோபரில். அந்த மாதத்தில் அங்கே கூட்டம் நெரியும். அதனால் மாணவர்களுக்கென்று தனி ஜீப் உண்டா, காலை ஏழு மணிக்குள் புறப்படுமா, பிந்தினால் அன்றைய பறத்தலைக் கட்டணமில்லாமல் மறுநாளுக்கு மாற்றித் தருவார்களா என்று நான் இப்போதே சில பள்ளிகளுக்கு எழுதிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.